எஸ்.ஜி.பி.டி. இரண்டு மடங்குதான், பிலிருபின் மட்டும் 14: ஜிம் மாத்திரையால் இப்படி ஆகுமா?

கேள்வி: செக்டர் நான்கு அண்ணன்

வணக்கம். தில்லி ஆர்.கே.புரத்தில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். என் தம்பிக்கு வயது 26. விருதுநகரிலிருந்து வேலை தேடி வந்தவன், மூன்று ஆண்டுகளாக எங்களுடன்தான் இருக்கிறான். பகலில் ஒரு நிறுவனத்தில் பாதுகாப்புப் பணி. காலையும் மாலையும் முனிர்காவில் உள்ள ஒரு ஜிம். குடிப்பழக்கம் இல்லை, புகையும் இல்லை. முட்டையின் வெள்ளைக்கரு, வேகவைத்த கோழி, ஓட்ஸ் என்று அவன் அளந்து அளந்து சாப்பிடுவதைப் பார்த்து வீட்டில் எல்லாரும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன் நள்ளிரவில் ஏதோ உரசும் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். அவன் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் உள்ளங்காலை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். கேட்டதற்குச் சேற்றுப்புண் என்றான். அடுத்த சில நாட்களில் உள்ளங்கை, தொடை, முதுகு என்று அரிப்பு பரவியது. ஆனால் தோலில் தடிப்போ கொப்புளமோ எதுவும் இல்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை மலை மந்திருக்குப் போயிருந்தபோது, படியேறுகிற இடத்து வெயிலில் அவன் முகத்தைப் பார்த்த என் மனைவிதான், "தம்பி, கண்ணு ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?" என்று கேட்டாள். மறுநாளே ரத்தப் பரிசோதனை செய்தோம். காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிருபின் மொத்தம் 14.2, அதில் நேரடிப் பிலிருபின் 10.6; கல்லீரல் நொதிகளில் எஸ்.ஜி.ஓ.டி. 71, எஸ்.ஜி.பி.டி. 84, அல்கலைன் பாஸ்பட்டேஸ் 138, ஜி.ஜி.டி. 31 என்று வந்திருக்கிறது.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட பிறகுதான் உண்மை வெளிவந்தது. ஒரு போட்டிக்குத் தயாராவதற்காக, கோச் சொன்னபடி தசை வளர்க்கும் ஸ்டீராய்டு ஹார்மோன் மாத்திரைகளை எடுத்திருக்கிறான்: ஆறு வாரம் "டி-பால்" என்று அவர்கள் அழைக்கும் மெத்தாண்டியனோன் மாத்திரையையும், அதற்குப் பின் ஐந்து வாரம் ஸ்டானசோலால் மாத்திரையையும் விழுங்கியிருக்கிறான். அரிப்பு தாங்க முடியாமல் பன்னிரண்டு நாட்களுக்கு முன் நிறுத்திவிட்டதாகச் சொல்கிறான்.

கோச்சிடம் தொலைபேசியில் பேசினேன். எஸ்.ஜி.பி.டி. இரண்டு மடங்குதான் இருக்கிறது, அது எடை தூக்குகிற எல்லாருக்கும் இருப்பதுதான், கல்லீரல் டானிக்கை இரண்டு வேளையாகக் கூட்டினால் சரியாகிவிடும் என்கிறார். ஊரிலிருந்து அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார். தம்பியோ மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, போலீஸ் வழக்காகிவிடும், போட்டியிலும் தடை போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறான். கோச் சொல்வது சரிதானா? மருத்துவரிடம் எதைச் சொல்வது, எதை விடுவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: குடல்வழி மருத்துவன்

ஐயா, நான் தில்லியில் கல்லீரல் நோய்ப் பிரிவில் பணிபுரிகிறேன். நோயாளியை நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய என்னால் இயலாது. ஆனால் நீங்கள் கொடுத்துள்ள எண்கள், கோச் ஆறுதல் சொல்லும் வகையைச் சேர்ந்தவை அல்ல. இன்றைக்கே ரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர்., சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டையும் பார்க்கச் செய்யுங்கள். நாளை வரை காத்திருக்க வேண்டாம்.

கோச் பிடித்துக்கொண்டிருக்கும் எஸ்.ஜி.பி.டி.யிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் ஜிம் பையன்கள் பலரும் தாமதமாக வருவதற்கு அந்த ஓர் எண்தான் காரணம். எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் நொதி. செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். வைரஸ் காமாலையில் அது ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். உங்கள் தம்பியிடம் நடந்திருப்பதாகத் தோன்றுவது வேறு: செல்கள் பெருமளவில் உடையவில்லை, ஆனால் பித்தநீரை வெளியேற்றும் வேலை நின்றுபோயிருக்கிறது. தில்லியில் மழைக்கு மின்டோ பாலத்தின் கீழ் தண்ணீர் தேங்குவதற்குப் பாலம் இடிந்திருக்க வேண்டியதில்லை, வடிகால் வேலை செய்யாவிட்டால் போதும். அதனால்தான் நொதிகள் இரண்டு மடங்கிலேயே நிற்க, பிலிருபின் மட்டும் 14, 20 என்று ஏறுகிறது. பித்த அமிலங்கள் ரத்தத்தில் திரும்பிச் சேர்வதால்தான் தடிப்பில்லாத இந்த அரிப்பு. அது இரவில் அதிகமாவதும், உள்ளங்கால் உள்ளங்கையில் தொடங்குவதும் இதன் இயல்பு. சிறுநீர் தேநீர்க் கஷாயம் போலக் கறுத்தும் மலம் வெளுத்தும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

குறிப்பாக வாய்வழி மாத்திரையால் இது ஏன் நேர்கிறது என்பதற்கு ஒரு வேதியியல் காரணம் உண்டு. சாதாரண டெஸ்டோஸ்டிரோனை விழுங்கினால், குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், முதல் சுற்றிலேயே அதில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிடும். அதைத் தடுக்க, மூலக்கூறின் 17-ஆவது கார்பனில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தார்கள். கல்லீரலால் எளிதில் சிதைக்க முடியாத பொருளாக அது மாறியது. 1958-இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த டயனபால், அதாவது உங்கள் தம்பி எடுத்த "டி-பால்", இந்த வகைதான்; ஸ்டானசோலால், ஆக்சிமெத்தலோன், ஆக்சாண்ட்ரோலோன் எல்லாமே இந்த வகைதான். மாத்திரையாக விழுங்க வசதியாக்கிய அதே மாற்றம்தான், பித்தநீரை நுண்குழாய்க்குள் தள்ளும் பம்புகளையும் கெடுக்கிறது. உங்கள் தம்பி ஒன்றன்பின் ஒன்றாக இப்படிப்பட்ட இரண்டை எடுத்திருக்கிறான். எல்லாருக்கும் இந்த அளவுக்கு ஆவதில்லை. பித்தநீர்ப் பம்புகளின் மரபணுவிலேயே சிறு குறை உள்ளவர்கள் எளிதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று கருதப்படுகிறது. "நானும்தான் போட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று கோச் சொன்னால், அது அவருக்கு மட்டுமே பொருந்தும்.

உடற்பயிற்சியால் நொதிகள் ஏறும் என்று அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் தசையிலும் உள்ளவை, கடும் பயிற்சிக்குப் பின் சில நாட்கள் ஏறியே நிற்கும், அப்போது தசை நொதியான சி.பி.கே. பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் எத்தனை கிலோ தூக்கினாலும் நேரடிப் பிலிருபின் 10-க்குப் போகாது. ஜி.ஜி.டி. இயல்பாக இருப்பதைக் காட்டியும் அவர் வாதிடக்கூடும். இந்த வகைக் காமாலையில் ஜி.ஜி.டி. இயல்பாகவே இருப்பது வழக்கம் என்பதால் அதை நம்ப வேண்டாம்.

மாத்திரைதான் காரணம் என்று இப்போதே முடிவுகட்டுவதும் தவறு. பித்தநாளத்தில் கல் இல்லை என்று அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும். ஹெபடைட்டிஸ் ஏ, ஈ, பி, சி என்ற நான்கு கல்லீரல் வைரஸ்களையும் பார்க்க வேண்டும். இந்த வயதில் வில்சன் நோய் (கல்லீரலில் செம்பு சேரும் பரம்பரை நோய்), தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி ஆகியவற்றையும் விலக்க வேண்டும். எல்லாம் விலகிய பிறகு, மருந்து வரலாறும் பொருந்தினால்தான் இந்த முடிவுக்கு வருவோம். ஆகவே வரலாறு இல்லாமல் எங்களால் அந்த முடிவுக்கு வரவே முடியாது.

குழப்பமான பேச்சு, பகலில் அளவுக்கு மீறிய தூக்கம், ஐ.என்.ஆர். ஏறுதல், சிறுநீர் குறைதல், வயிற்றின் வலப்பக்கம் திடீரென வலி: இவற்றில் ஒன்று தோன்றினாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பிலிருபின் மிக உயர்ந்தால் பித்தநிறமி சிறுநீரகக் குழாய்களைத் தாக்கலாம். வலி ஏன் முக்கியம் என்றால், இந்த மருந்துகளால் கல்லீரலுக்குள் ரத்தம் நிறைந்த பைகள் உருவாவதும், அடினோமா என்னும் கட்டி வளர்வதும் உண்டு. அரிதுதான், ஆனால் அவை வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும்.

பெரும்பாலானவர்கள் மாத்திரையை நிறுத்திய பின் முழுமையாகக் குணமடைகிறார்கள். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். நிறுத்திய பிறகும் சில வாரங்கள் பிலிருபின் ஏறலாம். அதைக் கண்டு மருத்துவரை மாற்றிக்கொண்டே போகாதீர்கள்.

பதில்: பழைய மேடை

அண்ணா, டாக்டர் எழுதியதற்கு மேல் மருத்துவமாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நான் ஜனக்புரியில் வளர்ந்த தமிழன், 2016-இல் இதே காமாலையில் நான்கு மாதம் கிடந்தவன். அதனால் எழுதுகிறேன்.

மருத்துவமனையில் முதல் நாளே, "என்ன மருந்தெல்லாம் சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார்கள். அப்பா பக்கத்தில் நின்றார். "புரோட்டீன் பவுடர் மட்டும்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுத்த விலையைக் கேளுங்கள். கல் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டு எடுத்தார்கள். இல்லை என்றதும் பித்தநாளத்தைப் பார்க்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்தார்கள், அதிலும் ஒன்றும் இல்லை என்றதும் ஊசி விட்டுக் கல்லீரலில் சதை எடுத்துப் பார்க்க நாள் குறித்தார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட அப்பா பேனாவைத் திறந்தபோதுதான் எனக்கு வாய் திறந்தது. அந்த இளம் மருத்துவர் திட்டவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். சதைப் பரிசோதனையைத் தள்ளிவைத்தார். பதினெட்டு நாட்கள் வீணாயின. அதற்கு அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

அரிப்பைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. காமாலையைக் கண்ணாடியில் பார்க்காமல் இருந்துவிடலாம். அரிப்பிலிருந்து ஓட முடியாது. நான் பக்கெட்டில் குளிர்ந்த நீர் வைத்து, அதில் கால்களை விட்டுக்கொண்டு, நாற்காலியிலேயே விடியும்வரை உட்கார்ந்திருப்பேன். தம்பியின் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள், பருத்தித் துணி மட்டும் உடுத்தட்டும். அரிப்புக்கென்றே கொலஸ்டிரமின் என்னும் பொடி எனக்குக் கொடுத்தார்கள். அதை மற்ற மருந்துகளுடன் சேர்த்து விழுங்கினால் அவற்றையும் பிடித்துக்கொண்டுவிடும் என்பதால் நேர இடைவெளி விட வேண்டும். செவிலியர் சொல்லித்தான் எனக்கு அது தெரிந்தது.

இன்னொன்று, அவனிடம் தனியாகச் சொல்லுங்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டிருந்ததால் உடல் தன் சொந்த உற்பத்தியை நிறுத்தி வைத்திருக்கும். நிறுத்திய பின் சில மாதங்கள் சோர்வும் எரிச்சலும் அழுகையும் வரும், ஆசையும் இருக்காது. அதைச் சரிசெய்வதாக ஜிம்மில் "பி.சி.டி." என்று டாமாக்ஸிஃபென் கொடுப்பார்கள். அதுவும் கல்லீரல் வழியாகப் போகிற மருந்துதான். இந்த நிலையில் கோச் கையிலிருந்து அதை வாங்க வேண்டாம்.

பதில்: இரும்பு மனம்

மன்னிக்கவும், இங்கே ஒருதலைப்பட்சமாகவே பேசப்படுகிறது. வாய்வழி மாத்திரைதான் கல்லீரலைக் கெடுக்கும் என்று டாக்டரே ஒப்புக்கொள்கிறார். அறிவுள்ளவர்கள் ஊசிக்கு மாறிவிட்டார்கள். நான் நான்கு ஆண்டுகளாக டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட் ஊசி மட்டும் எடுக்கிறேன், ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்.எஃப்.டி. என்னும் கல்லீரல் பரிசோதனை பார்க்கிறேன், எல்லாம் இயல்பு. ஊசி வேண்டாம் என்பவர்களுக்கு, ஸ்டீராய்டு அல்லாமலேயே தசை வளர்ப்பதாக விற்கப்படும் சார்ம்ஸ் இருக்கிறது. தவறு மருந்தில் இல்லை, தெரியாமல் எடுப்பதில்தான் இருக்கிறது.

பதில்: குடல்வழி மருத்துவன்

இரும்பு மனம் அவர்களுக்கு: எனாந்தேட் ஊசியால் இந்த வகைப் பித்தத் தேக்கம் வருவது மிக அரிது என்பது சரியே. மறுக்கவில்லை. ஆனால் எல்.எஃப்.டி. உங்கள் இதயத்தைப் பார்ப்பதில்லை. நல்ல கொழுப்பு குறைவது, ரத்தம் கெட்டியாவது, இதயச் சுவர் தடிப்பது எதுவும் அந்தத் தாளில் வராது. ஹீமோகுளோபின், ரத்தக் கொழுப்பைக் காட்டும் லிப்பிட், இதய ஸ்கேனான எக்கோ மூன்றையும் ஒரு முறை பார்த்துவிட்டு இந்த உரையாடலைத் தொடர்வோம். ஊசியோ குப்பியோ ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டால் பி, சி வைரஸ்கள் வரும் என்பது தனிக் கதை.

சார்ம்ஸ் பற்றிச் சொன்னது முற்றிலும் தவறு. ஆஸ்டரின், லிகாண்ட்ரால் போன்றவை எந்த நாட்டிலும் தசை வளர்க்க ஒப்புதல் பெற்ற மருந்துகள் அல்ல. அவற்றால் கல்லீரல் பாதிப்பு நேர்வதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-லேயே எச்சரித்தது. இதே மஞ்சள் கண்ணோடும் அரிப்போடும் வருபவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் அதன் பிறகும் வந்துகொண்டேயிருக்கின்றன.

அண்ணன் கேட்டதில் ஒன்றை விட்டுவிட்டேன். கீழாநெல்லியை அம்மா அன்பால் சொல்கிறார், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆனால் இப்போது வேண்டாம். அது காமாலைக்கு நம் வீடுகளில் பல தலைமுறையாகக் கொடுக்கப்படுவதுதான், எனினும் இந்தப் பித்தத் தேக்கத்தை அது நீக்கும் என்பதற்குச் சான்று இல்லை. மூலிகை என்பதாலேயே கல்லீரலுக்கு இதமானது என்று கொள்ளவும் முடியாது. கொரோனா காலத்தில் தில்லியில் வீட்டுக்கு வீடு கிலோய் என்று குடித்தார்களே, அந்தச் சீந்தில் கொடியால் கல்லீரல் அழற்சி வந்தவர்களை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். டானிக்குகளுக்கும் இதுவே என் பதில். அவற்றை "காப்பு" என்று நம்பி மாத்திரையின் அளவைக் கூட்டுகிறார்கள் என்பதுதான் என் பெரிய மனக்குறை.

பதில்: மருந்துக்கடைக் கணக்கர்

பழைய தில்லியில் மொத்த மருந்து வியாபாரத்தில் பதினைந்து ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். தம்பி விழுங்கிய மாத்திரையின் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள். முறையான மருந்து என்றால் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி தேதி எல்லாம் அட்டையில் அச்சாகியிருக்கும். ஜிம்மில் புழங்கும் டப்பாக்களில் பளபளக்கும் ஹாலோகிராம் மட்டும் பெரிதாக இருக்கும். மேலே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்பது பல நாடுகளில் சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட செய்தி. ஆகவே "ஸ்டானசோலால்தான் எடுத்தான்" என்று மருத்துவரிடம் அடித்துச் சொல்லாமல், "ஸ்டானசோலால் என்று சொல்லிக் கொடுத்தார்கள்" என்று சொல்லுங்கள்.

போலீஸ் பயத்தைப் பற்றி: இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஹெச் அட்டவணை மருந்துகள். சீட்டில்லாமல் விற்றவர்தான் பயப்பட வேண்டும். விழுங்கியதை மருத்துவரிடம் சொன்னதற்காக வழக்கு வராது. மருத்துவர் அதை ரகசியமாகக் காக்கக் கடமைப்பட்டவர். 2022-இல் வந்த ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் விளையாட்டு வீரருக்கு விதிப்பது போட்டித் தடை, பதக்கப் பறிப்பு போன்றவைதான், சிறை அல்ல. 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடா ஓட்டக்காரர் பென் ஜான்சன் 100 மீட்டர் தங்கத்தைப் பறிகொடுத்தது இதே ஸ்டானசோலாலுக்குத்தான். அவரைப் பிடித்தது சிறுநீர்ப் பரிசோதனைதான். உங்கள் தம்பியின் மருத்துவச் சீட்டு அப்படி எங்கும் போகப் போவதில்லை.

பதில்: செக்டர் நான்கு அண்ணன்

அனைவருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் எழுதிய அன்று மாலையே அழைத்துக்கொண்டு போனேன். பழைய மேடை தம்பி சொன்னது மனதில் இருந்ததால், நான் மருத்துவர் அறைக்கு வெளியே நின்றுகொண்டு அவனை மட்டும் உள்ளே அனுப்பினேன். டப்பா இரண்டையும் காகிதப் பையில் போட்டுக் கொடுத்திருந்தேன். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தவன், "எல்லாத்தையும் சொல்லிட்டேண்ணே" என்றான்.

ஐ.என்.ஆர். 1.4 இருந்தது, வைட்டமின் கே ஊசி போட்ட பிறகு இயல்புக்கு வந்தது. கிரியாட்டினின் இயல்பு. கல் இல்லை, நான்கு வைரஸ்களும் இல்லை, மற்றவையும் இல்லை. அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரையும் அரிப்புக்குப் பொடியும் கொடுத்தார்கள். பிலிருபின் அடுத்த பத்து நாளில் 14-லிருந்து 21-க்கு ஏறியது. டாக்டர் முன்பே எழுதியிருக்காவிட்டால் அன்றைக்கே வேறு மருத்துவமனைக்கு ஓடியிருப்பேன். பிறகு 17, 11, நேற்று 6.3. எடை ஒன்பது கிலோ குறைந்திருக்கிறான், பழைய சட்டைகள் தொளதொளவென்று தொங்குகின்றன. கோச் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தார், அவன் எடுக்கவில்லை. இரவில் அந்தக் கட்டில் சத்தம் பத்து நாட்களாக இல்லை.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. நேற்று முதல் கை துறுதுறுவென்கிறது, லேசாக டம்பெல் எடுக்கலாமா என்று கேட்கிறான். எடுக்கலாமா?

பதில்: குடல்வழி மருத்துவன்

மிக்க மகிழ்ச்சி. டம்பெல் இப்போது வேண்டாம், பூங்காவில் நடக்கட்டும். எடை தூக்கத் தொடங்கினால் தசையிலிருந்து வரும் எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் சேர்ந்துகொண்டு, மீண்டும் கல்லீரல் கெடுகிறதா அல்லது இது பயிற்சியால் வந்ததா என்று எங்களால் பிரித்துப் பார்க்க முடியாமல் போகும். பிலிருபின் இயல்புக்கு வந்த பின், அவனைப் பார்க்கும் மருத்துவர் அனுமதித்தால் தொடங்கலாம். அப்போதும் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு வாரம் முன்பிருந்து எடையைத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள். காய்ச்சலோ உடல்வலியோ வந்தால், கேட்காமல் கடையில் எந்த மாத்திரையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து ஒரு முறை அல்ட்ராசவுண்டு எடுத்து, கட்டி எதுவும் இல்லை என்று பார்த்துவிடுங்கள்.